பதினொன்றாவது அட்டவணை

“போன பரீட்சையில அந்தப் பஞ்சாயத்துக் கேள்விக்கு நீங்க எத ஷேட் பண்ணுனீங்கண்ணே?”

நூலகத்து சைக்கிள் கொட்டகையில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

செந்தூர்பாண்டி அண்ணனிடம் பரீட்சையில் என்ன எழுதினார் என்று மட்டும் கேட்காதே. படிக்க வந்து சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். எட்டு வருஷமாக குரூப் நாலு எழுதுகிற மனிதர். மனசு நோகுமாம்.

கேட்டவளுக்கு மட்டும் நோகாதா?

போன முறை ஒன்றரை மார்க்கில் போனது. ஒரே ஒரு கேள்வி. ஊராட்சிகளின் அதிகாரங்கள் அரசியலமைப்பின் எந்த அட்டவணையில் வருகின்றன?

பன்னிரண்டு என்று கறுப்பாக்கினாள். கைடில் அப்படித்தான் இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற ஏழு பேரும் அதையேதான் கறுப்பாக்கினார்கள். தினமும் காலையில் அண்ணன் கைடைப் பார்த்துக் கேட்பார், இவர்கள் கோரஸாகச் சொல்வார்கள். அப்படி ஏறிய விடை.

பாடப்புத்தகத்தில் பதினொன்று. நேற்றுத்தான் கண்ணால் பார்த்தாள்.

இந்த முறையும் போனால் தீப்பெட்டி ஆபீஸ்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் காலியாக இருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரி அங்கே உட்கார்ந்து லேபிள் ஒட்டலாம்.

அண்ணன் சிரித்தார்.

“பதினொண்ணு. இதெல்லாம் ஒரு கேள்வியா தாயி?”

பேச்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். குழுவிலேயே சின்னவள்.

“அண்ணே, நம்ம கைடுல பன்னெண்டுன்னுல்லா போட்டிருக்கு.”

சிரிப்பு நின்றது.

அவருடைய கைடு மடியில் விரிந்திருந்தது. கேள்வி கேட்டவள் கையை நீட்டினாள். அவர் மூடினார்.

அவள் எடுத்துக்கொண்டாள்.

அச்சில் இருந்த பன்னிரண்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே நீல மையில் பதினொன்று. ஓரத்தில் பொடி எழுத்து: பத்தாம் வகுப்பு, குடிமையியல்.

அடுத்த பக்கத்திலும் நீலம். அதற்கடுத்த பக்கத்திலும்.

ஆறாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு. ஒன்பது.

இதே வாய்தான் சொன்னது: ‘ஆறாப்புலேர்ந்து படிச்சு நீ எப்ப முடிக்கப் போற? கைடு போதும்.’

“பரீட்சைக்கு முன்னாடியே திருத்தியிருக்கீங்க.”

“அவங்கவங்கதான் தேடிப் படிக்கணும். நானா ஒங் கையப் புடிச்சு ஷேட் பண்ணுனேன்?”

கத்தலாம். அந்தக் கைடைக் கிழித்து அவர் முகத்திலேயே வீசலாம்.

அவருடையதை அவர் மடியிலேயே வைத்தாள். தன்னுடையதைப் பாயில் போட்டாள். எழுந்தாள்.

மற்றவர்கள் தங்கள் கைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

“நாளைக்கு வர மாட்டியாக்கா?” பேச்சியம்மாள் கேட்டாள்.

செருப்பை மாட்டினாள். கொட்டகையைத் தாண்டினாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

பஜாரில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்தாயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை பாடப்புத்தகங்கள். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை.

எல்லாவற்றிலும் இரண்டு. ஒன்று பேச்சியம்மாளுக்கு.