ஜன்னலோர இரட்டை இருக்கை

அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தான். பக்கத்து இருக்கையில் மாமியாரை உட்கார வைத்தான். நடைவழிக்கு இந்தப் பக்கம் தான் உட்கார்ந்தான்.

போட்ட கணக்கு அச்சுப் பிசகாமல் வந்திருந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை. அதற்குத்தான் இந்த விமானம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மலிவாகப் பறக்கிற விமானங்கள் இல்லாமல் இல்லை. அவன் பார்த்தவற்றில் எல்லாம் பக்கத்துக்கு மூன்று இருக்கை. மூன்று பேர் போனால் நடு இருக்கை அவன் தலையில்தான் விழும். இறங்குகிறவரைக்கும் தூது போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டிலும் அதே வேலைதான்.

"அவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளுடா" என்பாள் அம்மா, மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"இப்பத்தான் குடிச்சேன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்பார் அத்தை. மாமியாரை அவன் அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

எல்லாம் அத்தை புது வீடு கட்டிக் குடிபோனதில் வந்த வினை. கிரகப்பிரவேசத்துக்குச் சம்பந்தியை நேரில் வந்து அழைக்க வேண்டும். தட்டு நீட்ட வேண்டும். குங்குமம் கொடுக்க வேண்டும். கொத்தனாரோடும் பெயிண்டரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அத்தை, போனில் அழைத்துவிட்டார்.

அம்மா போகவில்லை.

அவ்வளவுதான் சண்டை. ஒரு கடுஞ்சொல் கிடையாது. வாயைத் திறந்தால்தானே சொல் வரும்.

இப்போது அவன் மனைவி சுகந்திக்கு ஒன்பதாம் மாதம். சிங்கப்பூரில் அவர்கள் இருப்பது சின்ன வீடு. ஒரே ஒரு அடுக்களை. பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தலை நிற்கிறவரைக்கும் இரண்டு அம்மாக்களும் அதற்குள்தான் புழங்க வேண்டும்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வந்தா வரட்டும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா அடுத்த பிளைட்ல திருப்பி அனுப்பிடுவேன். நான் ஆள் வச்சுப் பாத்துக்கறேன்" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவன் அசரவில்லை. விமானங்களை ஒன்றுவிடாமல் அலசினான். பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு விசாரிக்கவில்லை. எதில் ஜன்னலோரம் இரண்டே இருக்கை. எதில் வயதானவர்களை முதலில் ஏற்றுகிறார்கள். எதில் மூன்று பேர் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்து எடை போடுகிறார்கள். எல்லாம் கூடிவந்தது இது ஒன்றில்தான்.

பெட்டி விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். கனமான சாமான் எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது.

காலையில் அத்தை கைப்பையிலிருந்து ஒரு வெள்ளித் தட்டை எடுத்துக் காட்டினார். "இது மட்டும் கையோட இருக்கட்டுமே மாப்பிள்ளை."

"பிளைட்ல தட்டு எதுக்கு அத்தை? சாப்பாடு அவங்களே குடுப்பாங்க."

வாங்கிப் பெரிய பெட்டிக்குள் திணித்தான். அத்தை கைப்பையை மூடிக்கொண்டார்.

முதலில் ஏறியதால் விமானம் இன்னும் நிறையவில்லை. அம்மா கீழே பெட்டி ஏற்றுவதை வேடிக்கை பார்த்தாள். அத்தை முன் இருக்கையின் முதுகைப் பார்த்தார்.

ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

முதல் முறையாக அவன் கணக்கு உதைத்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாயிற்று. பேச வைக்க எந்த விமானத்தில் வசதி இருக்கிறது?

அத்தை முன்னால் மடித்திருந்த சிறு பலகையை இறக்கினார்.

கைப்பையைத் திறந்தார். இரண்டு வெற்றிலை. கொட்டைப்பாக்கு. ஒரு மஞ்சள். குங்குமச் சிமிழ். ஒவ்வொன்றாகப் பலகையில் எடுத்து வைத்தார்.

வெள்ளித் தட்டு எதற்கென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அத்தை சிமிழைத் திறந்து ஜன்னல் பக்கம் நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம சுகந்திக்கு வளகாப்பு வச்சிருக்கேன், சம்பந்தி. நீங்க அவசியம் வரணும். மொத வளையல் நீங்கதான் போடணும்."

அதே வீட்டுக்குத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா திரும்பினாள். சிமிழைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அவள் கை மடியிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பெண் வந்து நின்றாள். விமானம் புறப்படப் போகிறது, பலகையை மடித்துவிடுங்கள் என்று சிரித்த முகமாகச் சொன்னாள்.

அத்தையின் நீட்டிய கை அப்படியே நின்றது.

மடிப்பதென்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அழைக்க வைத்த தாம்பூலத்தை வைத்தவரே திரும்ப எடுப்பதா?

அவன் எழப் பார்த்தான். பெல்ட் இழுத்து உட்கார வைத்தது.

பணிப்பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா விரலால் குங்குமத்தைத் தொட்டாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை விரித்து அத்தையின் பக்கம் ஏந்தினாள்.

வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் அதில் இறங்கின.

பலகையை அம்மாவே மடித்துவிட்டாள்.

விமானம் நகர்ந்தது. ஓடுபாதைக்குத் திரும்பும்போது அம்மாவின் குரல் கேட்டது. யாரிடம் என்ன சொல்ல வேண்டுமோ என்று, பழக்கத்தில், அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான்.

"வளையல் பச்சைதானே எடுத்திருக்கீங்க? கறுப்பு ஒண்ணும் கலந்துடலியே?"

"எனக்குத் தெரியாதா சம்பந்தி? பாத்துத்தான் எடுத்தேன்."

அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.