பாலத்திடம் சொன்ன எடை

ஜமீனுக்குக் கப்பலில் வந்திறங்கிய முதல் கார் அது. ஆற்றின் மேல் ஓட்டுக்கூரை போட்ட பழைய மரப்பாலத்தின் முன்னால் நின்று ஹாரன் அடித்தது.

"ஏ கிழட்டுப் பாலமே, நான் யார் தெரியுமா? என் விளக்கெல்லாம் கெட்டிப் பித்தளை. கதவு முழுத் தேக்கு. உள்ளே இருக்கிற பூச்சாடி சுத்த வெள்ளி."

"ரொம்பச் சந்தோஷம்," என்றது பாலம். "ஆனால் அவ்வளவு கனத்தை நான் தாங்க மாட்டேனே. மாட்டுவண்டி போகிற பாலம் நான்."

கீழே ஓடும் வெள்ளத்தைக் கார் எட்டிப் பார்த்தது. குரல் இறங்கிவிட்டது.

"ஐயா, விளக்கு வெறும் கூடுதான். தேக்கு, மேலே ஒட்டின பட்டை. பூச்சாடி தகரம். வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் மெதுவாக வா."

பாதி வழியில் ஒரு பலகை முனகியது. "சீட்டுக்குள்ளேயும் வைக்கோல்தான் ஐயா," என்று யாரும் கேட்காமலே சொன்னது கார்.

கார் கரையேறியதும், அக்கரையில் காத்திருந்த மாட்டுவண்டி அதன் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தது. "இத்தனையும் வெள்ளியா?"

"பின்னே? சுத்த வெள்ளி," என்றது கார்.

பாலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "தம்பி, சாயங்காலம் இந்த வழியாகத்தானே திரும்பி வரவேண்டும்?"