மூட்டை பிரிக்காத வீடு

திருப்பூரில் பனியன் தைப்பவர்களை வேலைக்கு எடுக்க இப்போது ஒரே கம்பெனிதான் மிச்சம். தினமும் காலையில் ஆளுக்கொரு ரேட் செல்போனில் வரும். ஊரைவிட்டுக் கிளம்பக்கூடிய ஆளுக்குக் கூடுதல், வேர்விட்ட ஆளுக்குக் குறைச்சல். எப்படித்தான் தெரியுமோ, அந்தப் போனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

அதனால் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தமயந்தி, குடிவந்து மூன்று வருடமாகியும் மூட்டையைப் பிரிக்கவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். போன வாரம் மகள் யாழிசையைப் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்தாள். மறுநாளே ரேட் சரிந்துவிட்டது.

"பேசாம பள்ளிக்கூடத்த நிறுத்திப்போடலாமுங்களா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

மாரப்பன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்பறம் எதுக்குப் புள்ள நாம தெக்கிறது?"

மூலையில் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த யாழிசை எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள், பையை வீசிவிட்டு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினாள்.

"இந்த ஊரே புடிக்கலம்மா. நம்மூருக்கே போயர்லாம். இங்க எனக்கு ஒரு கூட்டாளிகூட இல்ல."

"இங்க வா கண்ணு," என்று தமயந்தி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

யாழிசை அலமாரியில் கிடந்த போனை ஒருதரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னாள்.

"அவ பேரு நித்திலா. சத்தமா சொல்லிப்போடாதம்மா."