லேப்டாப்புக்குள் செருப்பு

"சார், இதுக்குள்ள செருப்பு இருக்குது."

ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக சஹீர் சொன்னதும் சாமுவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக வணிகவியல் நடத்துகிற வாத்தியார். லேப்டாப்புக்குள் எறும்பு குடியிருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். செருப்பா?

எட்டிப் பார்த்தார். நிஜம்தான். நீல நிற ஹவாய் செருப்பை விரல் அகலத்துக்கு வெட்டி, ஹார்ட் டிஸ்கைச் சுற்றிச் செருகியிருந்தது.

"டிஸ்க் ஆடாம இருக்க ஒரு தகரச் சட்டம் இருக்குமுங்க சார். பிராக்கெட்டுனு சொல்லுவோம். நாலு ஸ்க்ரூவும் இருக்கோணும். ஒண்ணுமே இல்லை, யாரோ கழட்டிட்டாங்க. புது டிஸ்கை நான் எதுலீங்க உக்கார வைக்கறது?"

சாமுவேல் மெல்லத் திரும்பினார். லேப்டாப்புக்குச் சொந்தக்காரி யுவஸ்ரீ ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தாள். பி.காம். கடைசி வருஷம். அப்பா அங்கப்பன் அன்னூரில் வாழைத் தோட்டக் கூலி.

மில் முதலாளி தம்பிதுரை தன் ஆபீஸில் ஓடிய இருபது லேப்டாப்பைக் கல்லூரிக்குத் தானம் கொடுத்தபோது, பட்டியலில் முதல் பெயராக இவள் பெயரை எழுதியவர் சாமுவேல்தான். டிஸ்க் செத்துவிட்டது என்று வந்து நின்றவளுக்குக் கைக்காசில் புதுசு வாங்கி, கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டி வந்தவரும் அவர்தான்.

"அம்மணி, இதை யாரு தொறந்தது?"

"நான்தானுங்க சார்."

"செருப்பு?"

"நான் வெச்சதுதானுங்க."

"பிராக்கெட் எங்கே?"

அவள் குனிந்துகொண்டாள்.

"வித்துப்போட்டியா?"

தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமுவேலுக்குத் தலைக்கேறிவிட்டது. "நானும் நம்ம தெருவுல இருந்து வந்தவன்தான். ஒரு பொருள் காணாமப் போனா மொதல்ல யாரைத் திரும்பிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். உன் பேரை எழுதினதுக்கு என் மூஞ்சியில நல்லாக் கரியைப் பூசிட்டே!"

"சார்..." என்றாள்.

மூடி மறைத்தால் நாளைக்கு வாத்தியாரும் கூட்டு என்பார்கள். அங்கேயே நின்று தம்பிதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"அட, உடுங்க சார்," என்றார் தம்பிதுரை. "இல்லாத ஊட்டுப் புள்ளை, கை நீண்டிருக்கும். நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிப்போடுங்க. லேப்டாப்பை மட்டும் திருப்பி வாங்கிருங்க. பிரின்சிபால் காதுலயும் போட்டு வைங்க. மத்த புள்ளைகளுக்கு ஒரு பயம் வேணுமில்லீங்களா?"

எவ்வளவு பெரிய மனசு! சாமுவேலுக்குக் கண்ணே கலங்கியது. பிரின்சிபால் காதுக்குப் போனால் கையில் டி.சி.தான். பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம். ஆனாலும் தப்பு தப்புதானே?

"கேட்டுக்கோ. அவரு மன்னிச்சுட்டாராம்," என்றார் யுவஸ்ரீயிடம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சஹீர் இதற்குள் காந்திபுரத்தில் நாலு கடைக்குப் போன் அடித்து, நாலிலும் கையை விரித்த பிறகு, ஐந்தாவதாகப் பழைய பாகங்கள் விற்கும் யூனுஸைப் பிடித்திருந்தான். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய யூனுஸ், ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் கவிழ்த்தார். தகரச் சட்டங்கள் கலகலவென்று கொட்டின.

"எத்தனை வேணும் சஹீரு? இருபது இருக்குது. அத்தனையும் இதே மாடல்தான்."

இருபது. சாமுவேலுக்கு எங்கேயோ இடித்தது.

"ஏனுங்க, இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

யூனுஸ் பதறிப்போனார். "திருட்டுச் சாமான் இல்லீங்க சார்! அன்னூர் மில்லுல என்னையக் கூப்பிட்டாங்க. இருபது லேப்டாப்புல இருந்த நல்ல டிஸ்கை எல்லாம் கழட்டி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு, இரும்புக் கடைக்குப் போற டிஸ்கா இதுல போடச் சொன்னாங்க. பழைய டிஸ்கு தடிமனுங்க, இந்தச் சட்டத்துல ஏறாது. வேற சட்டம் வாங்கோணுங்க, இல்லாட்டி உள்ள கெடந்து ஆடும்னு சொன்னேன்."

"சொன்னதுக்கு?"

"'தானத்துக்குப் போறதுதான பாய், ஆடுனா ஆடட்டும். கழட்டின சட்டத்தை நீங்களே எடுத்துக்கோங்க'னுட்டாரு மொதலாளி."

"எந்த மொதலாளி?"

"தம்பிதுரைங்க. உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

சாமுவேல் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். சற்று முன்னால் அந்த மனுஷனுக்காகக் கலங்கிய கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"அப்ப... மத்த பத்தொம்போதுலயும் இதே கதைதானா?" என்று யுவஸ்ரீயைக் கேட்டார்.

"ஆமாங்க சார். எல்லாமே ஆடுச்சு. நான்தான் செருப்பு வெட்டி வெச்சுக் குடுத்தேன்."

"ஆரம்பத்துலயே இதெல்லாம் தெரியுமா உனக்கு?" எழுந்து அவளருகே வந்தார். "வித்துப்போட்டியான்னு கேட்டேனே புள்ளே! அப்பவாச்சும் வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

யுவஸ்ரீ துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் இருபது குடுக்கறேன்னு சொல்லியிருக்காருங்க சார். நான் இதைச் சொல்லிப்போட்டா, பின்னால வர்ற புள்ளைகளுக்கு அதுவும் கெடைக்காமப் போயிருமுங்களே?"