இருவர் ஆட்டம்

"அவன்கிட்ட சொல்லும்மா, இன்ஜினைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு."

"அக்கா, எவ்வளவு கூட்டணும்னு அவர்கிட்ட கேளு."

சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அதற்குள் மேசையிலிருந்து 'பொய்ங்' என்றொரு சத்தம். விண்கலம் நிலாவில் மோதி நொறுங்கிவிட்டது.

"முதல்லயே சொன்னேன்ல? ஆட்டம் நடக்கும்போது நான் பேசக் கூடாது. புதுசா ஆடுறவங்க எங்க தடுமாறுறாங்கன்னு பார்க்கிறதுதான் என் வேலை. நாளைக்கு இதை அனுப்பியாகணும். மறுபடியும் ஆடுங்க" என்றாள்.

விண்வெளிப் பயணங்களைச் சொல்லித்தரும் விளையாட்டுகளை வடிவமைப்பது அவள் தொழில். பள்ளிக்கூடங்கள் தேடி வந்து வாங்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் அது "பொம்மை வேலை". இத்தனை வருஷத்தில் இருவரும் அவள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "இதுவரை ஆடியே பார்க்காத ஆள் வேணும், என் மானத்தைக் காப்பாத்து" என்று தனித்தனியாகக் கெஞ்சி இன்று வரவழைத்திருந்தாள். மற்றவர் வரப்போவதை இருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்பா இறந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சு கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவன் செருப்பைப் பார்ப்பான். சேர்த்துவைக்க வந்த சொந்தக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். ஒருவருக்குத் தங்கை, மற்றவனுக்கு அக்கா என்று நடுவில் கிடந்து தவித்தவள் இவள். ஆனாலும் இன்று அவள் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை.

மேசை நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. ஒரு பக்கம் தம்பி. விண்கலத்தில் இருப்பவன் அவன்தான். இறங்கும் வேகத்தை மட்டுப்படுத்த இன்ஜினைக் கூட்டிக் குறைக்கும் பிடியும், உயரத்தையும் வேகத்தையும் காட்டும் சின்னத் திரையும் அவனிடம். மறுபக்கம் அண்ணன், தரைக் கட்டுப்பாட்டு நிலையம். எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் இருக்கவேண்டும் என்ற அட்டவணை அவரிடம் மட்டும்தான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பேசினால்தான் ஆட்டம்.

"உயரம் என்னன்னு யாராவது சொன்னா தேவலை" என்றார் அண்ணன், தடுப்பைப் பார்த்து.

"ரெண்டாயிரம் மீட்டர்னு யாருக்கோ சொல்றேன்" என்றான் தம்பி, கூரையைப் பார்த்து.

பொய்ங்.

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எட்டாம் வகுப்புப் பசங்க ஆடுற ஆட்டத்துல நான் தோக்கறதா? டேய், உயரத்தைச் சட்டுன்னு சொல்லுடா!"

"மூவாயிரம்ண்ணே!"

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. இருவரும் ஒரு கணம் திகைத்துப் போனார்கள்.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. விண்கலம் நிலாவுக்குப் பின்னால் போகிறது, தொடர்பு இருக்காது. விளக்கு அணையும்வரை வாய் திறக்கக் கூடாது. அணைந்ததும் தரைதான் முதலில் கூப்பிடவேண்டும். விதி அப்படி.

விளக்கு அணைந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தரையிலிருந்து கூப்பிடுறேன். கேக்குதா?"

அண்ணன் தடுப்பை விரலால் தட்டினார்.

"டேய், கேக்குதாடா?"

"கேக்குது." தம்பி தடுப்பின் பக்கம் திரும்பினான். "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் இப்படி ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்லண்ணே? நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சே."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அட்டவணை சரசரத்தது. "கடைசிப் பரீட்சை, எழுதிட்டு வரட்டும்னு அப்பாதான்டா சொன்னாரு. அதுக்குள்ள போயிடுவாருன்னு நான் கனவுலகூட நினைக்கல. கூப்பிட்டிருக்கணும். என் தப்புதான்."

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிடா சொல்றது?"

தங்கை இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. என்னதான் தைரியசாலி என்றாலும் அவளும் அந்த வீட்டுப் பெண்தானே.

தம்பி விசும்பினான். விண்கலம் 'கீக், கீக்' என்று அலற ஆரம்பித்தது.

"டேய், ரொம்ப வேகமா விழுது! இன்ஜினைக் கூட்டு! நிலாவுல இறங்கிட்டு அழுடா!"

"ஐநூறுண்ணே!"

"இன்னும் கூட்டு!"

"நூறு!"

"அப்படியே பிடி… விடாதே…"

மணி அடித்தது. பத்திரமாகத் தரையிறங்கியாயிற்று. அண்ணன் எழுந்து தடுப்பைச் சுற்றி வந்து தம்பியின் முதுகில் ஓர் அறை வைத்தார். அது அணைப்பாகவே முடிந்தது.

"வாடா, காபி குடிக்கலாம். இவளுக்கும் வாங்கிட்டு வருவோம்" என்றவர், வாசலில் நின்று தங்கையிடம் திரும்பினார். "நல்லாத்தாம்மா செஞ்சிருக்கே. ஒரே ஒரு குறை. தனி ஆளா இதை ஆட முடியாது. நாளைக்கு அனுப்பறதுக்குள்ள அதைக் கொஞ்சம் கவனி."

"கவனிக்கிறேண்ணே" என்று அடக்கமாகத் தலையாட்டினாள்.

அவர்கள் படியிறங்கும்போது, விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து தரும் பெண் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? போன வருஷமே கடைக்குப் போன நம்ம ஆட்டம்தானே? ஒருத்தரே தனியா ஆடுறதுக்கு எதுக்கு நடுவுல தடுப்பு? இதை எப்போ வச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில" என்று சொல்லிக்கொண்டே அவள் தடுப்பைக் கழற்றினாள்.