ஐந்தாவது படம்

ஆங்கிலத் துறையின் சுவரில், 'ஆங்கில நாவலின் தந்தையர்' என்று ஆங்கிலத்தில் எழுதிய வரிக்குக் கீழே, தோள்வரை சுருண்டு விழும் பொய்முடியோடு நான்கு பேர் முப்பது வருடமாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்பே நாவல் எழுதிய ஒருத்தியை ஐந்தாவதாக வரைய அனுமதி வாங்குவதற்குப் பேராசிரியை வேதநாயகிக்குப் பதினோரு வருடம் பிடித்தது. தலையில் துணித்தொப்பி கட்டிய அந்த எழுத்தாளரின் மங்கலான படம் ஒன்றை நகலெடுத்து, பெயிண்டர் சூசையிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. கண்ணும் தொப்பியும் அச்சு அசல். மூக்குக்குக் கீழே கருகருவென்று மீசை.

"மீசை எதுக்கு சூசை?"

"நகல்ல சரியா விழல மேடம். ஏற்கெனவே நாலு பொம்பளைங்க இருக்காங்க, இவரு ஒருத்தர்தான ஆம்பள. எடுப்பா இருக்கட்டும்னு நானே போட்டுட்டேன்."

அந்த வழியாக வந்த புது முதல்வர் வாசலில் நின்றபடியே பார்த்தார். "அஞ்சாவது தந்தையும் வந்தாச்சா? பிரமாதம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேதநாயகி ஸ்டூலில் ஏறி, முந்தானையால் மீசையை அழுத்தித் துடைத்தாள். காயாத கறுப்பு கன்னமெல்லாம் பரவி மோவாய்வரை இறங்கியது.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த சூசை அண்ணாந்து பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு மேடம். தாடியோட இன்னும் பெரிய ஆளாத் தெரியிறாரு."