அசையாமல் நின்ற பூ

கண்காட்சிக்கு நடுவராக வந்த பாட்டு டீச்சர் அந்த மேஜையை விட்டு நகரவே இல்லை. ஸ்பீக்கரில் ஒலிக்கும் இரண்டு ஒலிகளைக் கோடாக வரைந்து காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றின் வட்டத் திரையில், பச்சை ஒளிக்கோட்டால் ஆன பூ மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"அம்மாடி! யாரு பண்ணினது?"

"என் மனைவிதான் மேடம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"கத்துக்க எத்தனை நாளாச்சும்மா?" டீச்சர் அவளைத்தான் கேட்டார்.

"ரெண்டு வருஷம்" என்று கணவரே முந்திக்கொண்டார். அடுத்த கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார்.

டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. செய்தது இவர், பேருக்கு மனைவியோ?

"பரிசு செஞ்சவங்களுக்குத்தான். நீங்க கொஞ்சம் வாசல்ல நில்லுங்க, அவங்க தனியா செய்யட்டும்" என்றவர், சுருதியை மாற்றும் குமிழ்களைக் கண்டபடி திருகிப் பூவைக் கலைத்துவிட்டார்.

அவள் ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு திரையிலிருந்து கண்ணெடுக்காமல் குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஸ்பீக்கரில் முட்டி மோதிய இரண்டு ஒலிகளும் மெல்ல நெருங்கி, ஒன்றோடொன்று இழைந்தன. அந்தக் கணமே கோடுகள் அடங்கி, முன்னதைவிட அழகான பூ அசையாமல் நின்றது.

டீச்சருக்குப் புல்லரித்தது. "என் மாணவிகளுக்கே இப்படிச் சுருதி சேராது! யார்கிட்டம்மா பாட்டு கத்துக்கிட்டீங்க?"

அவள் வாசலைப் பார்த்தாள். கணவர் ஓடிவந்து கேள்வியைக் கைவிரல்களால் சொன்னார். அவளும் விரல்களாலேயே பதில் சொன்னாள்.

"இவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது மேடம். பாட்டும் இந்தப் பூ மாதிரி அழகா இருக்குமான்னு கேக்கறா."

டீச்சர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவாவதுதான் இவ்வளவு அழகா இருக்கும்னு சொல்லுங்க."